ஒரு மாஸ்க்கில் இரண்டு பேர் மூச்சு

அத்தியாயம் 11

ஸ்வாதி என்கிற பெயரின் மேல் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. போன வாரம் அந்தக் கோட்டை இழுத்துவிட்டுப் பேனாவை மூடினாளே மாதேஸ்வரி, அந்தச் சூடு இன்னும் அவள் விரலில் ஆறவில்லை. இடம் மட்டும்தான் மாறியிருக்கிறது. ஓசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, இரண்டாவது மாடி, காலை பத்து மணி.

மூன்று பேர் உட்காருகிற இரும்பு பெஞ்ச். அவள் உட்கார்ந்த பிறகு அவள் புருஷன் முனீஸ்வரனுக்கு மட்டும்தான் இடம் மிச்சம். நூற்று இருபத்தாறு கிலோ. கேட்டவர்களுக்கு அரைக் கிலோ குறைக்காமல் சொல்வாள். கல் குவாரியில் ஜல்லி சுமந்து வளர்ந்தவள். கனத்துக்கு எதற்கு வெட்கப்படணும் என்பாள்.

அவளை வெட்கப்பட வைத்தது எடை இல்லை. குறட்டை.

ஆறு வருஷத்துக்கு முன்னால், பாரூரில் ஸ்வாதிக்கு மஞ்சள் நீராட்டு. ஸ்வாதி, முனீஸ்வரனின் அண்ணன் மகள். பந்தி ஓடிக்கொண்டிருந்தபோது மைக் செட்டில் திடீரென்று ஒரு சத்தம். முதலில் உறுமல். அப்புறம் ஒன்றுமே இல்லை. இலையில் கையை வைத்தபடி ஊரே காது கொடுத்துக் கேட்க, கழுத்துக் கயிறு இறுகின மாடு போல ஒரு இழுப்பு. "எங்க மாதேஸ்வரி கச்சேரிப்பா இது" என்று மைக்கில் சொன்னவன் அண்ணன்காரன் சென்றாயன். போனில் பதிந்து வைத்திருந்தவள் அவன் பெண்டாட்டி சென்னம்மா.

முந்நூறு பேர் சிரித்தார்கள். மாதேஸ்வரி இலையை மூடிவிட்டு எழுந்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. "மனுஷன் தூங்க முடியல" என்று முனீஸ்வரனும் அன்றைக்கே பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போனவன்தான்.

அந்த ஸ்வாதிதான் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, மாதேஸ்வரி வேலை செய்கிற கம்பெனிக்கே பயிற்சி வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். பட்டியல், தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பின் லைன் லீடர் மாதேஸ்வரியின் மேஜைக்கு வந்தது. ஆறு வருஷம் காத்திருந்தவளுக்கு ஒரு கோடு போட அரை நிமிஷம் போதுமானதாக இருந்தது.

அது முதல் தவணை. அடுத்த தவணைக்குத்தான் இந்த ஆபரேஷன். இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கி, ஐம்பது கிலோ இறக்கி, சென்னம்மாவின் வாசலில் போய் நிற்க வேண்டும். ஒரு வார்த்தை பேசக்கூடாது. நின்றால் போதும். தேதி குறித்தாயிற்று, வருகிற வியாழக்கிழமை.

ஆனால் மயக்க மருந்து டாக்டர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். பரிசோதனையில், தூக்கத்தில் மணிக்கு நாற்பது தடவை அவளுக்கு மூச்சு நின்றுபோகிறது என்று தெரிந்தது. குறட்டை என்று ஊர் சிரித்தது, மூச்சுக்குழல் அடைத்துக்கொண்டு அவள் செத்துச் செத்துப் பிழைக்கிற சத்தம். அதனால் நாலு வாரம் மூச்சு மெஷினோடு தூங்க வேண்டும். தினம் குறைந்தது நாலு மணி நேரம். மூக்கில் மாஸ்க், அதிலிருந்து குழாய், அதன் வழியாகக் காற்று. மெஷினில் இருக்கிற சின்ன கார்டு எல்லாவற்றையும் பதிந்துகொள்ளும். அந்த கார்டு சரி என்று சொன்னால்தான் கத்தி.

கார்டு அவள் பர்ஸில் இருந்தது.

"சீக்கிரம் ஆவுமா? ஒரு மணிக்கு நான் வண்டி எடுக்கணும்" என்றான் முனீஸ்வரன். கம்பெனி ஷிப்ட் பஸ் டிரைவர். காலை ஷிப்டை இறக்கிவிட்டு, பஸ்ஸை ஆஸ்பத்திரிக்கு எதிரில் நிறுத்திவிட்டு வந்திருந்தான்.

"ஆவும், உக்காரு."

அவனைத் திரும்பிப் பார்த்தாள். பத்து நாளாகவே ஆள் பளிச்சென்று இருக்கிறான். கண்ணுக்குக் கீழே கறுப்பு இல்லை. காலையில் டீ கேட்டுக் கத்துவதில்லை. வண்டியைத் துடைக்கும்போது சீட்டி அடிக்கிறான். எதனால் என்று அவள் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

மயக்க மருந்து டாக்டர் சுசித்ரா பெங்களூர்க்காரர். "ஹேளிம்மா, சொல்லுங்க, எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே கார்டை வாங்கிக் கம்ப்யூட்டரில் செருகினார். திரையில் இருபத்தெட்டு நீலக் கம்பிகள். எல்லாமே நாலு மணி நேரக் கோட்டைத் தாண்டி நின்றன. மாதேஸ்வரிக்கு டார்கெட் முடித்த லைனைப் பார்ப்பதுபோல இருந்தது.

டாக்டர் ஒவ்வொரு கம்பியாகத் தட்டினார். மூன்றாவது வாரத்தில் கை நின்றது.

"இந்த வாரம் உங்களுக்கு என்ன ஷிப்ட்?"

"பகல்தான் மேடம்."

டாக்டர் ஃபைலைப் புரட்டி ஒரு காகிதத்தை எடுத்தார். "உங்க கம்பெனில வாங்கிக் குடுத்தீங்களே, ஷிப்ட் லிஸ்ட். மூணாவது வாரம் நைட்னு இருக்கு."

மாதேஸ்வரி எதிர்ச்சுவரைப் பார்த்தாள். அங்கே ஒரு காலண்டர் தவிர ஒன்றும் இல்லை.

"ஆறு ராத்திரி. பத்தரைலேர்ந்து நாலரை வரைக்கும் யாரோ இந்த மாஸ்க்கைப் போட்டுட்டுத் தூங்கியிருக்காங்க. அந்த நேரம் நீங்க கம்பெனில. அப்போ மூச்சு விட்டது யாரும்மா?"

என்ன சொல்வாள்? கம்பெனிப் பழக்கம் அது. பஸ் லேட்டானால் ஒருத்தியின் அட்டையை இன்னொருத்தி வாசலில் தேய்ப்பாள். வராதவளையும் வந்தவளாகக் காட்டத்தான் அட்டை இருக்கிறது என்று பதினெட்டு வருஷம் பழகிய கை. நைட் ஷிப்ட் வாரத்தில் பகலில் படுத்தால் தகர ஷீட் சூடு, கரண்ட் கட், மாஸ்க்குக்குள் வேர்வை. ஒரு மணி நேரம் தாங்கவில்லை. "நீ கொஞ்சம் போட்டுக்கினு படுய்யா, கணக்குக்கு ஆவட்டும்" என்று புருஷனிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். அவ்வளவுதான்.

"மெஷின் ஓடினாப் போதும்னு நெனச்சேன் மேடம்."

"இது ஓடற நேரத்தை மட்டும் எண்ணல. ஒவ்வொரு மூச்சையும் எழுதுது. ஆபரேஷன் முடிஞ்ச முதல் ராத்திரி நீங்க மயக்கத்துல, வலி மருந்துல இருப்பீங்க. தொண்டை தானா மூடிக்கும். எவ்வளவு அழுத்தத்துல காத்து குடுத்தா அது திறக்கும்னு இந்த கார்டுதான் எனக்குச் சொல்லணும். இதுல ரெண்டு பேர் மூச்சு கலந்திருக்கு. நான் யாரை நம்பி உங்களைத் தூங்க வைக்கறது?"

"அப்போ வியாழக்கிழமை..."

"இல்லை."

அந்த ஒரு வார்த்தையில் மாதேஸ்வரியின் கை பெஞ்சு விளிம்பைத் தேடியது. அங்கே பெஞ்ச் இல்லை, நாற்காலிதான் இருந்தது.

"இன்னும் மூணு வாரம். இந்தத் தடவை வீட்டுல கூடப் படுக்கற ஒருத்தர், மாஸ்க் போட்டது நீங்கதான்னு தினம் கையெழுத்து போடணும். ஆபரேஷனுக்கு அப்புறமும் அவங்கதான் ராத்திரி பக்கத்துல இருக்கணும். எடை குறைஞ்சா இந்த வியாதி குறையும். உடனே போயிடும்னு நான் சொல்லலை. அதுவரைக்கும் மாஸ்க்தான்." டாக்டர் மறுபடியும் திரையைப் பார்த்தார். "அந்த இன்னொருத்தர் யாரு?"

"எதுக்கு மேடம்?"

"அவருக்கும் இந்த வியாதி இருக்கு. உங்களை விட மோசம்னு தோணுது. அவர் தொண்டையைத் திறக்க மெஷின் உங்களுக்குக் குடுத்ததை விட அதிகமா தள்ளியிருக்கு."

அவள் குறட்டைக்குப் பாயைச் சுருட்டினவனுக்கே அந்த வியாதி. மாதேஸ்வரி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "எவ்வளவு மோசம் மேடம்?"

"என்னம்மா, இவ்வளவு சந்தோஷமா கேக்கறீங்க? அவர் என்ன வேலை பண்றாரு?"

வாய் தானாகவே பொய் சொன்னது. குடும்பத்தில் ஒருத்தன் வேலைக்கு ஆபத்து என்றால் முதலில் பொய்தான் வரும், அப்படி வளர்ந்தவள். "சும்மாதான் மேடம் இருக்காரு. வீட்டோட."

வெளியே வந்ததும் முனீஸ்வரன் எழுந்தான். "இன்னா சொன்னாங்க?"

சொன்னாள். வியாழக்கிழமை இல்லை என்று சொன்னாள். இன்னும் மூணு வாரம், கூடப் படுத்துக் கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டும் என்று சொன்னாள். அவனுக்கும் இருக்கிறது என்று சொன்னாள்.

"அந்தம்மாவுக்கு எம் பேரு தெரியுமா?"

அவன் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"எம் பேரச் சொன்னியா புள்ள? வண்டி ஓட்டறேன்னு சொன்னியா?"

"சொல்லல."

மூச்சு விட்டான். அப்புறம்தான் தைரியம் வந்தது. "எனுக்கு எதுக்குடி அந்த வியாதி? நான் இன்னா உன்ன மாதிரியா? எம்பத்தி நாலு கிலோ. உன் கொழுப்புக்கு மெஷின் வெச்சா, பக்கத்துல படுத்தவனுக்கும் சீக்குன்றாளா?"

"பக்கத்துல எங்கய்யா படுத்த? ஆறு வருஷமா ஹால்ல இல்ல படுத்திருக்க."

"சரி வுடு. உனுக்கு இன்னொரு தேதி குடுப்பாங்க. எனுக்கு வண்டி போனா இன்னொரு வண்டி குடுப்பானா? யார்கிட்டயும் வாயத் தொறக்காத." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கக் கீழே போனான். தடித்த கழுத்து. இத்தனை நாளாக அவள் அதைக் கவனித்ததில்லை.

போன ஆவணியில் சூளகிரிக்கு முன்னால் விடிகாலையில் பஸ் டிவைடர் மேல் ஏறியது அவளுக்கு ஞாபகம் வந்தது. எருமை குறுக்கே வந்துவிட்டது என்று முனீஸ்வரன் எழுதிக் கொடுத்தான். எருமையை வேறு யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் தூக்கத்தில் இருந்தார்கள். முன் சீட்டில் இருந்த பேக்கிங் செக்‌ஷன் செல்வம்மாளுக்குத் தோள் எலும்பு விட்டுப்போனது. இன்றைக்கும் அவள் கை தலைக்கு மேல் எழும்பாது.

அதை முழுசாக யோசித்து முடிப்பதற்குள் படிக்கட்டுப் பக்கம் ஒரு குரல்.

"எங்கடி இருக்கா அவ?"

சென்னம்மா. பாரூரிலிருந்து விடிகாலை பஸ், கிருஷ்ணகிரியில் மாறி அடுத்த பஸ், கம்பெனி வாசலில் விசாரித்துவிட்டு ஆட்டோ. பெயர் அடிபட்ட சேதி லைன் பெண்கள் வழியாகப் பாரூர் வரை போயிருந்தது. முழங்கை வரைக்கும் கரும்புச் சோகை கீறின தழும்பு. மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"எம்பொண்ணு பேர அடிச்சது நீதான?"

"நான்தான்."

"அவ இன்னா பாவம்டி பண்ணா உனுக்கு? கரும்பு வெட்டற கூலில படிக்க வெச்சேன். என்ன மாதிரி வெயில்ல நிக்கக் கூடாதுன்னு படிக்க வெச்சேன்."

"உம்பொண்ணு சடங்குலதான என் மானத்த மைக்ல போட்டீங்க? நீதான பதிஞ்ச?"

"பதிஞ்சேன்."

"அதுக்குத்தான் அடிச்சேன். போ."

நர்ஸ் ஒருத்தி வந்து சத்தம் போடாதீங்க என்றாள். இரண்டு பேரும் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சென்னம்மா இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். கண்ணாடி விரிசல் விட்ட போன். "ஆறு வருஷமா உனுக்கு ஒரு தடவ கேக்கணும்னு தோணலையா? இலைய மூடிட்டுப் போனவ, ஒரு நாள் எங்கிட்ட வந்து, ஏன்டி பண்ணேன்னு கேட்டியா?"

"கேட்டா?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், அது உன் குறட்டையே இல்லன்னு."

மாதேஸ்வரிக்கு முதலில் புரியவில்லை.

"இத பாரு. குடும்ப குரூப்புல இன்னும் கெடக்குது. நீதான் வெளிய போய்ட்ட." விரலால் தேய்த்துத் தேய்த்து மேலே போய் ஒரு இடத்தில் நிறுத்தினாள். "தேதியப் பாரு. சடங்குக்கு முன்னால வந்த மாரியம்மன் பண்டிகை, ரெண்டாம் நாளு ராத்திரி. அன்னிக்கு நீ எங்க இருந்த?"

கம்பெனியில் இருந்தாள். அந்த வருஷம் பண்டிகைக்கு லீவு கிடைக்கவில்லை. நைட் ஷிப்ட் முடித்துக்கொண்டு நேராக மூன்றாம் நாள் காலைதான் பாரூர் போய்ச் சேர்ந்தாள். தூக்கம் வந்து கூழ் ஊற்றும் இடத்தில் உட்கார்ந்தே உறங்கியது வரை ஞாபகம் இருந்தது.

"எங்க வூட்டு ஹால்ல அன்னிக்குப் படுத்திருந்தது உன் புருஷன். கொழுந்தனக் கிண்டல் பண்ணலாம்னு பதிஞ்சேன், எம்மேல தப்புதான். எங்க வூட்டுக்காரரு தண்ணியில இருந்தாரு, உன்னுதுன்னு நெனச்சு மைக்ல போட்டுட்டாரு. நான் எந்திரிச்சுச் சொல்லப் போனேன். உன் புருஷன் பந்திக்குப் பின்னால வந்து என் கையப் புடிச்சிக்கினான். அண்ணி, டிரைவர் வேலை, வெளிய தெரிஞ்சா வண்டி குடுக்க மாட்டான், வாயத் தொறக்காதன்னு அழுதான்."

"அழுதானா?"

"அழுதான். அப்பறம் கண்ணத் தொடச்சிக்கினு பந்திக்குப் போயி, எல்லாரோடயும் சேந்து சிரிச்சான்."

மாதேஸ்வரிக்கு அந்தச் சிரிப்பு ஞாபகம் இருந்தது. அன்றைக்கு முந்நூறு முகத்தில் அவள் தேடியது ஒரே முகம். அவன் சிரித்ததைப் பார்த்துவிட்டுத்தான் இலையை மூடினாள். என்ன செய்வான் பாவம், அண்ணன் வீடு, சிரிக்காமல் என்ன செய்வான் என்று ஆறு வருஷம் அவனுக்காகத் தனக்குத்தானே வக்காலத்து வாங்கியிருக்கிறாள்.

"நீயும் சிரிச்ச" என்றாள் சென்னம்மாவிடம்.

"சிரிச்சேன். இல்லன்னு சொல்லல."

மாதேஸ்வரி ஜன்னலுக்குப் போனாள். கீழே டீக்கடையில் முனீஸ்வரன் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடமோ கதை அளந்துகொண்டிருந்தான். ராத்திரி நன்றாகத் தூங்கின முகம். அவள் ஆபரேஷனுக்கு என்று கொடுத்த மெஷினில், அவள் பெயரில், ஆறு ராத்திரி தூங்கின முகம்.

படி இறங்கிப் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். நாலு பேர் பார்க்க இரண்டு அறை விடலாம். அதெல்லாம் கால் மணி நேரத்தில் ஆறிவிடும். ஆறாத இடத்தில் அடிக்க வேண்டும். அந்த இடம் எது என்று அவனே பெஞ்சருகே நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

கதவைத் தட்டாமல் டாக்டர் அறைக்குள் போனாள்.

"மேடம், பொய் சொன்னேன். அது என் வீட்டுக்காரன். பேரு முனீஸ்வரன். கம்பெனி பஸ் ஓட்டறான். கிருஷ்ணகிரி ரூட்டு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "வண்டில எத்தனை பேர்?"

"நாப்பத்தி ரெண்டு."

"இப்போ எங்கே இருக்காரு?"

"கீழ. ஒரு மணிக்கு வண்டி எடுக்கப் போறான்."

"அவர் என் பேஷண்ட் இல்லை, நான் கம்பெனிக்கு எழுத முடியாது. ஆனா டெஸ்ட் பண்ணி, சிகிச்சை ஆரம்பிக்கற வரைக்கும் அவர் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. நான் சொன்னேன்னு சொல்லுங்க. இன்னிக்கே கூட்டிட்டு வாங்க, பாக்கறேன்."

"அவன் வர மாட்டான் மேடம்" என்றாள் மாதேஸ்வரி. "நான் பாத்துக்கறேன்."

வராண்டாவிலேயே நின்று டிரான்ஸ்போர்ட் பொறுப்பாளர் திம்மப்பனுக்குப் போன் போட்டாள். கம்பெனிக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையே பத்து நிமிஷ தூரம்.

"சார், பிரஸ் ஷாப் மாதேஸ்வரி பேசறேன். ஒரு மணி கிருஷ்ணகிரி வண்டிக்கு வேற டிரைவர் போடுங்க."

"ஏம்மா? முனீஸுக்கு உடம்பு சரியில்லையா?"

"அவனுக்குத் தூக்கத்துல மூச்சு நிக்கற வியாதி. அதனால பகல்ல கண்ணு சொருகும். டாக்டர் ஓட்டக் கூடாதுன்னுட்டாங்க. பொம்பளைங்க நாப்பது பேரு ஏர்ற வண்டி. நான் உங்களுக்குச் சொல்லிட்டேன்னு தேதி போட்டு எழுதி வெச்சிக்கிங்க. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, எனக்குத் தெரியாதுன்னு நீங்க சொல்ல முடியாது."

அந்தப் பக்கம் காகிதத்தை இழுக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் போன் கட்டானது.

கால் மணி நேரத்தில் திம்மப்பனின் பைக் டீக்கடை முன்னால் வந்து நின்றது. பின்னால் இன்னொரு டிரைவர். மாதேஸ்வரி ஜன்னலை விட்டு நகரவில்லை. முனீஸ்வரன் சிரித்துக்கொண்டே எழுந்ததைப் பார்த்தாள். சிரிப்பு நின்றதைப் பார்த்தாள். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்ததைப் பார்த்தாள். அவன் அண்ணாந்து பார்த்தபோது அவள் தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவன் பார்க்கட்டும் என்றுதான் நின்றாள். அவளுக்கு அது இனித்தது. இனித்தது என்று சொல்ல அவளுக்குக் கூச்சமும் இல்லை.

இரண்டு இரண்டு படியாக ஏறி வந்தான். வரும்போதே இரைத்தது.

"என் பொழப்புல மண்ணப் போட்டுட்டியேடி!"

"மெதுவா. மூச்சு நின்னுடப் போவுது."

"பொண்டாட்டியாடி நீ?"

"சென்னம்மா வந்திருக்கா. தேதியோட காட்டினா."

முனீஸ்வரன் அப்போதுதான் சுவரோரம் நின்ற அண்ணியைப் பார்த்தான். "அது... ஒரு சிரிப்புக்கு ஆனது மாதே. எப்பவோ நடந்தது. உனுக்கும்தான குறட்டை வருது? உன்னுதா இருந்தா இன்னா, என்னுதா இருந்தா இன்னா?"

"அப்பிடியா? அப்ப உன்னுதுன்னு மைக்ல சொல்லியிருக்க வேண்டியதுதான?"

முனீஸ்வரன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான்.

"ஆறு வருஷம் எம் பேருல தூங்கின. இனிமே உன் பேருல தூங்கு."

அவன் முகம் கறுத்தது. குரலைத் தாழ்த்தினான். கத்தும்போது இல்லாத விஷம் இப்போது வந்தது. "பக்கத்துல ஒரு ஆளு கையெழுத்து போடணும்னு டாக்டர் சொன்னாள்ல? எவன் போடறான்னு பாக்கறேன். நீ இப்பிடியே ஊதிக்கினு கெட. ஒரு நாளு ராத்திரி மூச்சு நிக்கும், திரும்பி வராது. நான் ஹால்ல நிம்மதியா படுத்திருப்பேன்."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டான். செருப்புச் சத்தம் கீழ்ப்படி வரை கேட்டது.

மாதேஸ்வரி பெஞ்சில் உட்கார்ந்தாள். அது முனகியது. பையன் சேலத்தில் ஹாஸ்டலில். அம்மா, அப்பா இல்லை. புருஷன் போட வேண்டிய கையெழுத்தை அவளே தன் வாயால் வெட்டிவிட்டாள். அதற்காக அவள் வருத்தப்படவில்லை. ஆனால் மூணு வாரம் கூடப் படுக்க ஆள் வேண்டும். ஆள் இல்லை என்றால் ஆபரேஷன் இல்லை.

சென்னம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அப்புறம் பெஞ்சின் மிச்ச இடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் போடறேன் கையெழுத்து."

மாதேஸ்வரி நிமிரவில்லை.

"சும்மா இல்ல. ஸ்வாதி பேரு வேணும்."

"சிவப்பு மசில அடிச்சேன். அழிக்க முடியாது."

"அழிக்காத. கீழ புதுசா எழுது."

"பட்டியல் சாயங்காலம்தான் ஆபீசுக்குப் போவுது." மாதேஸ்வரி யோசித்தாள். "மூணு வாரம் எங்கூட ஒரே ரூம்ல படுக்கணும். மெஷின் ராத்திரி பூரா புஸ்ஸு புஸ்ஸுனு கத்தும். ஆபரேஷனுக்கு அப்பறமும் கொஞ்ச நாளு இருக்கணும்."

"கரும்பு மிஷினு பக்கத்துல தூங்கினவ நானு."

"இதுக்காக உன்ன மன்னிச்சேன்னு நெனச்சிக்காத. தெரிஞ்சும் ஆறு வருஷம் வாய மூடினு இருந்தவ நீ."

"மன்னிப்ப இங்க எவ கேட்டா? நீயும் எம்பொண்ணு பொழப்பக் கெடுக்கப் பாத்தவதான். பேனாவக் குடு."

நர்ஸ் கொண்டுவந்த படிவத்தில் சென்னம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பெயரை எழுதினாள். உறவுமுறை என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டாள். "ஓரகத்தின்னு போடு, வேற இன்னா போடுவ?" என்றாள் மாதேஸ்வரி. இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவில்லை. படிவம் உள்ளே போனது.

மணி ஒன்றரை. ரோட்டில் பஸ் போய்விட்டிருந்தது. கம்பெனிக்குப் போய்ப் பட்டியலை எடுக்க வேண்டும் என்று மாதேஸ்வரி எழுந்தபோது போன் அடித்தது. திம்மப்பன்.

"வண்டி கிளம்பிடுச்சும்மா. ஆனா உன் வீட்டுக்காரன் சாவியைக் குடுத்துட்டுச் சும்மா போகல. ஆபீசுக்கு வந்தான். உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்கான்."

"இன்னா எழுதினான்?"

"உனக்கும் இதே வியாதியாம். பிரஸ் மெஷின் பக்கத்துல நிக்கறவளாம். ஹெச்.ஆர். படிச்சுட்டாங்க. நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு உன்னை வரச் சொல்றாங்க. அதுவரைக்கும் லைன் பக்கம் வரக்கூடாதாம்."

மாதேஸ்வரியின் கால் அங்கேயே நின்றது. எடை குறைக்கிற ஆபரேஷன் என்று கம்பெனிக்குத் தெரியும். மூச்சு நிற்கிற கதை தெரியாது, அவள் சொல்லவில்லை. லைனை விட்டு நிறுத்தினால் இன்றைக்குப் பட்டியலில் கை வைக்க முடியாது. வேலையை விட்டே நிறுத்தினால் கம்பெனி இன்சூரன்ஸ் இல்லை. இன்சூரன்ஸ் இல்லை என்றால் ஆபரேஷன் இந்த ஜென்மத்தில் இல்லை. அவள் அடித்த அடியை எடுத்து அவளையே திருப்பி அடித்திருக்கிறான்.

பக்கத்தில் நின்ற சென்னம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாச்சு புள்ள?" என்றாள்.

மாதேஸ்வரி போனைக் காதில் இன்னும் அழுத்தினாள். "வேற இன்னா சார் எழுதியிருக்கான்? இருக்கறத அப்பிடியே படிங்க."

காகிதம் புரளும் சத்தம். திம்மப்பன் எழுத்துக் கூட்டிப் படித்தார். "'எனக்கு இது ஆறு வருஷமாக இருக்கிறது. எனக்குத் தெரிந்தேதான் வண்டி ஓட்டினேன். என்னை மட்டும் இறக்கிவிட்டு அவளை ஏன் மெஷினில் விடுகிறீர்கள்?' இவ்வளவுதாம்மா. கீழ கையெழுத்து, தேதி."

"ஆறு வருஷமான்னு அவனே எழுதினானா?"

"அவன் கையெழுத்துதாம்மா."

"போன ஆவணில சூளகிரிகிட்ட டிவைடர் மேல ஏறினானே, அதுவும் சேத்துதான சார், ஆறு வருஷம்?"

"எருமைன்னு எழுதிக் குடுத்தானே..." என்று ஆரம்பித்த திம்மப்பன் அதோடு நிறுத்திக்கொண்டார். அவர் மூச்சு விடுவது மட்டும் போனில் கேட்டது.

"அந்தப் பேப்பரப் பத்திரமா வெச்சிருங்க சார்" என்றாள் மாதேஸ்வரி. "ஒம்பது மணிக்கு வர்றேன்."